சுவரில் மூன்று திரை, மேசைக்கடியில் ஒரு பழைய கணினி: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் முறை

எங்கள் அச்சகச் சுவரில் மூன்று மானிட்டர்கள் தொங்குகின்றன. வடிவமைப்பவரின் மேசைக்கு மேலே ஒன்று. அச்சு இயந்திரத்தை ஓட்டுபவர் நின்ற இடத்திலிருந்தே அன்றைய வேலைப் பட்டியலைப் பார்க்க இரண்டாவது. மெய்ப்புப் பார்க்க வரும் வாடிக்கையாளருக்காக முன்கூடத்தில் மூன்றாவது. மூன்றையும் ஓட்டுவது ஒரே கணினி. ஓர் அலுவலகம் கழித்துவிட்டதைப் பழைய விலைக்கு வாங்கினோம்: இன்டெலின் மூன்றாம் தலைமுறை ஐ5 செயலி, 8 ஜிபி நினைவகம், பின்பக்கம் திரைக் கேபிளைச் செருக ஒரு விஜிஏ போர்ட், இரண்டு டிஸ்ப்ளேபோர்ட். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது.

இன்று மூன்றும் ஒழுங்காக ஓடுகின்றன. இந்த நிலைக்கு வருவதற்குள் இத்தகைய அமைப்பில் வரக்கூடிய கோளாறுகளில் பெரும்பாலானவற்றைப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் எனக்குக் கிடைத்த முதல் ஆலோசனை, ‘கணினி பழசு, மாற்றிவிடுங்கள்’ என்பதுதான். ஒரு தடவைகூட அது சரியான விடையாக இருக்கவில்லை. மேசையில் பக்கத்தில் வைத்தால் குறையில்லாமல் ஓடிய அதே திரைதான் சுவருக்குப் போனதும் தகராறு செய்தது. சுவரில் ஏற்றும்போது மூன்று விஷயங்கள் மாறிவிடுகின்றன. கேபிள் நீள்கிறது, மானிட்டருக்கு வேறொரு பிளக்கிலிருந்து மின்சாரம் போகிறது, போர்ட் கைக்கு எட்டாமல் போகிறது. கோளாறைத் தேட வேண்டிய இடமும் பெரும்பாலும் இந்த மூன்றுதான்.

ஆகவே அறிகுறி எதுவானாலும் முதலில் இதைச் செய்யுங்கள். நல்ல நிலையில் உள்ள ஒரு மானிட்டரையும் ஒன்றரை மீட்டர் கேபிளையும் கணினிக்கு அருகே கொண்டுவாருங்கள். சந்தேகப்படும் போர்ட்டில் செருகிப் பாருங்கள். படம் சரியாக வந்தால் கணினியில் குறையில்லை. சுவர்ப் பக்கம் போகலாம். வராவிட்டால் ஏணி ஏறத் தேவையில்லை. கீழே இதைக் ‘குட்டைக் கேபிள் சோதனை’ என்று சொல்கிறேன். இன்னும் சுவரில் துளையே போடவில்லை என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். எல்லாத் திரைகளையும் மேசையில் வரிசையாக வைத்து, வாங்கிய நீளக் கேபிள்களைக் கொண்டே இரண்டு நாள் ஓட்டிவிட்டுப் பிறகு டிரில்லை எடுங்கள்.

இரண்டு திரை வருகிறது, மூன்றாவது மட்டும் வரவே மாட்டேன் என்கிறது

எங்களை நான்கு நாட்கள் அலைக்கழித்தது இதுதான். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் மூன்று கட்டங்கள் தெரியும். மூன்றாவதைத் தேர்ந்து ‘எக்ஸ்டெண்ட்’ (திரைகளில் தனித்தனிப் படம் காட்டும் அமைப்பு) கொடுத்தால் ஏற்காது, அல்லது மற்ற இரண்டில் ஒன்று அணைந்துவிடும். எந்த இரண்டை வைத்தாலும் ஓடும். மூன்றாவதாக எதைச் சேர்த்தாலும் ஓடாது. அப்படியானால் கேபிளும் மானிட்டரும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. தடை கணினியின் கணக்கில் இருக்கிறது.

பின்பக்கம் எத்தனை போர்ட் இருக்கிறதோ அத்தனை திரை ஓடும் என்று எண்ணிவிடுகிறோம். அது தவறு. மதர்போர்டின் போர்ட்களை நம்பும்போது, செயலிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் எத்தனை திரைகளை ஒரே நேரத்தில் ஓட்டும் என்பதே எல்லை. 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறை இன்டெல் கோர் வரை அது இரண்டுதான். அந்தக் கணினியில் விஜிஏ, டிவிஐ, எச்டிஎம்ஐ என மூன்று துளைகள் இருக்கலாம். எந்த அமைப்பை மாற்றினாலும் மூன்றாவது திரை வராது. 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறையிலிருந்து மூன்று ஓடும்.

ஆனால் அந்த மூன்றாம் தலைமுறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. நாங்கள் சிக்கியது அதில்தான். விஜிஏ, டிவிஐ, எச்டிஎம்ஐ ஆகிய வகைகளில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனித்தனியாகத் துடிப்பு கொடுக்கும் ஒரு கடிகாரச் சுற்று வேண்டும். அந்தத் தலைமுறையின் சிப்செட்டில் (மதர்போர்டில் உள்ள துணைச் சிப்) அத்தகைய சுற்றுகள் இரண்டே இரண்டு. டிஸ்ப்ளேபோர்ட் வெளியீடுகள் மட்டும் ஒரே சுற்றைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும். ஆகவே மூன்று திரை ஓட வேண்டுமானால் அவற்றில் குறைந்தது இரண்டு உண்மையான டிஸ்ப்ளேபோர்ட் சமிக்ஞையில் ஓட வேண்டும்.

எங்களிடம் இரண்டு டிஸ்ப்ளேபோர்ட் இருந்தனவே, பிறகென்ன என்று நினைத்தேன். மானிட்டர்களில் எச்டிஎம்ஐ மட்டும் இருந்ததால் இரண்டு போர்ட்டிலும் மலிவான அடாப்டர் செருகியிருந்தோம். அந்த வகை அடாப்டர் எதையும் மாற்றுவதில்லை. ‘இங்கே எச்டிஎம்ஐ திரை இருக்கிறது’ என்று கணினிக்குத் தெரிவிக்கும். கணினி அந்தத் துளை வழியாக எச்டிஎம்ஐ சமிக்ஞையையே அனுப்பும். விஜிஏ ஒன்று, எச்டிஎம்ஐ இரண்டு என மூன்று கடிகாரம் தேவைப்பட்டது, இருந்தது இரண்டு.

தீர்வு, ஆக்டிவ் அடாப்டர். அதற்குள் ஒரு சிப் இருக்கிறது. கணினியிடமிருந்து டிஸ்ப்ளேபோர்ட் சமிக்ஞையை வாங்கி, எச்டிஎம்ஐயாக மாற்றுவதைத் தானே செய்கிறது. கடையில் கேட்கும்போது ‘ஆக்டிவ்’ என்ற சொல்லை அழுத்திச் சொல்லுங்கள். உறையில் அப்படி அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று நான் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஒன்று போதாது. விஜிஏவுக்கு ஒரு கடிகாரம், மிச்சமிருக்கும் எச்டிஎம்ஐக்கு ஒன்று என இரண்டும் தீர்ந்துவிட, புதிய அடாப்டருக்குக் கடிகாரம் இல்லாமல் போகிறது. இரண்டையும் மாற்றிய அன்று மாலை மூன்று திரையும் எரிந்தன. இதைவிட நல்ல வழி, டிஸ்ப்ளேபோர்ட் உள்ள மானிட்டர்களாகவே வாங்கிவிடுவது. அப்போது அடாப்டர் என்ற பேச்சே வராது.

ஏஎம்டி ரேடியான் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் இதே கதை உண்டு. 2009-இல் எச்டி 5000 வரிசையோடு மூன்று திரை வசதி வந்தது. அப்போதைய பல கார்டுகளில் டிவிஐ, எச்டிஎம்ஐ, விஜிஏ வகையில் இரண்டு திரைகள்தான் ஓடும். மூன்றாவது டிஸ்ப்ளேபோர்ட் வழியாகவோ ஆக்டிவ் அடாப்டர் வழியாகவோ போக வேண்டும். என்விடியாவில் 2012-இன் ஜிடிஎக்ஸ் 600 வரிசைக்கு முந்தைய ஜிஃபோர்ஸ் கார்டுகளைப் பொதுவாக இரண்டு திரைக்கானவை என்றே கொள்ளுங்கள், துளைகள் எத்தனை இருந்தாலும்.

எல்லாத் திரையிலும் ஒரே படம்

விண்டோஸ் விசையையும் ‘பி’ விசையையும் சேர்த்து அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ தேர்ந்தெடுங்கள். அதற்குப் பிறகும் ஒரே படம்தான், செட்டிங்ஸிலும் ஒரே கட்டம்தான் தெரிகிறது என்றால் நடுவில் ஸ்ப்ளிட்டர் இருக்கிறது. ஸ்ப்ளிட்டர் ஒரு படத்தைப் பல பிரதிகளாக்கும் கருவி. கணினிக்கு அது ஒரே மானிட்டர்தான். தனித்தனிப் படம் வேண்டுமானால் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். முன்கூடத்திலும் வாசலிலும் ஒரே மெய்ப்பைக் காட்ட வேண்டும் என்பது போன்ற தேவைக்கு மட்டும் அது நல்ல பொருள்.

கிராபிக்ஸ் கார்டு போட்டதும் பழைய போர்ட்கள் உயிரிழந்துவிட்டன

நான்காவது திரை வேண்டும் என்றோ, இரண்டாம் தலைமுறைக் கணினி என்பதாலோ கார்டு வாங்கினால் இது நடக்கும். கார்டைக் கண்டதும் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) தானாகவே மதர்போர்டின் கிராபிக்ஸை அணைத்துவிடும். பயாஸில் நுழைந்து, உள்கிராபிக்ஸை எப்போதும் இயங்கவைக்கும் அமைப்பைத் தேடுங்கள். மதர்போர்டுக்கு மதர்போர்டு பெயர் மாறும்: ‘ஐஜிபியு மல்டி-மானிட்டர்’ என்று சிலவற்றில், ‘இன்டர்னல் கிராபிக்ஸ்’ என்று சிலவற்றில். அலுவலகங்களுக்கென்று செய்யப்பட்ட சில கணினிகளில் இந்த அமைப்பு இருக்கவே இருக்காது. ஆகவே கார்டு வாங்கும்போதே, எல்லாத் திரைகளையும் அந்தக் கார்டே தாங்குமா என்று பார்த்து வாங்குவது நல்லது.

எந்தக் கார்டு? விளையாட்டுக்கான பெரிய கார்டுகள் வேண்டாம். சிறிய அலுவலகக் கணினியின் பவர் சப்ளை அவற்றைத் தாங்காது. பெட்டிக்குள் இடமும் இருக்காது. என்விடியாவின் ஜிடி 710 வெறும் 19 வாட் கார்டு, மூன்று திரை ஓட்டும். பழைய சந்தையில் கிடைக்கும் என்விஎஸ் 510-இல் நான்கு சிறிய டிஸ்ப்ளேபோர்ட்கள் உண்டு. அலுவலகச் சுவர்த் திரைகளுக்காகவே செய்தது போன்ற கார்டு அது. ஜிடி 1030 புதியதாயிற்றே என்று அதைத் தேர்ந்துவிடாதீர்கள். அது இரண்டு திரையோடு நின்றுவிடும். கணினிப் பெட்டி ஒல்லியானது என்றால் கார்டோடு குட்டைத் தகடும் வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். அந்த இரும்புத் தகடு இல்லாமல் கார்டு பெட்டிக்குள் நிற்காது. ஜிடி 710, என்விஎஸ் 510 ஆகியவற்றுக்கு என்விடியாவின் புதிய டிரைவர்களில் (கார்டை இயக்கும் மென்பொருள்) ஆதரவு இல்லை. 470 வரிசை டிரைவரைத் தேடி இறக்க வேண்டும். தவறான டிரைவரைப் போட்டால் ஒரே ஒரு திரை குறைந்த தெளிவில் வரும். கார்டே பழுது என்று எண்ணி, நல்ல பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம்.

‘நோ சிக்னல்’

மானிட்டரில் எந்த உள்ளீடு தேர்ந்திருக்கிறது என்பதைப் பார்ப்பது முதல் படி. சுவரில் ஏற்றிய பிறகு மானிட்டரின் பொத்தான்கள் அடிப்பக்கத்தில் மறைந்துவிடும். துடைக்கும்போது கைபட்டு உள்ளீடு மாறிப்போவது வழக்கம்.

அடுத்தது, திசை. டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் கேபிள் ஒருவழிப் பாதை. கணினியில் டிஸ்ப்ளேபோர்ட், திரையில் எச்டிஎம்ஐ என்றால்தான் ஓடும். கணினியில் எச்டிஎம்ஐ, திரையில் டிஸ்ப்ளேபோர்ட் என்றால் அதே கேபிள் பொருந்தும், படம் வராது. நீளமான ஆக்டிவ் எச்டிஎம்ஐ கேபிள்களுக்கும் திசை உண்டு. ஒரு முனையில் ‘சோர்ஸ்’ என்றும் மறுமுனையில் ‘டிஸ்ப்ளே’ என்றும் எழுதியிருக்கும். அதைச் சுவர்க் குழாய்க்குள் தலைகீழாக இழுத்துவிட்டால் முழுவதையும் உருவி மறுபடி கோக்க வேண்டும். குழாயில் நுழைக்கும் முன் இரு முனையையும் படித்துவிடுங்கள்.

குழாயைப் பற்றி ஒரு சொல். வீட்டு வயரிங்கிற்குப் போடும் முக்கால் அங்குலக் குழாயில் எச்டிஎம்ஐ தலை நுழையாது. நான் ஒன்றரை அங்குலக் குழாய் போட்டேன். வளைவுகளில் முழங்கை இணைப்புக்குப் பதிலாக நீண்ட வளைவு. மின் வயரை அதே குழாயில் விடக்கூடாது. உள்ளே ஒரு நைலான் கயிற்றை எப்போதும் விட்டுவைத்திருக்கிறேன், அடுத்த கேபிளை இழுக்க.

கடைசியாக, மானிட்டரின் பின்புறத்தைப் பாருங்கள். சுவரோடு ஒட்டி நிற்கும் தாங்கியில் நேரான பிளக்கிற்கு இடம் போதாமல், கேபிள் ஒடிந்து, பிளக் பாதி வெளியே வந்திருக்கும். செங்கோண பிளக் வாங்குங்கள். அதில் மேல்நோக்கி வளைவது, கீழ்நோக்கி வளைவது என இரண்டு வகை இருப்பதால் மானிட்டரைப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓரிரு நொடி கறுத்துவிட்டுத் திரும்புகிறது, அல்லது வெண்புள்ளிகள் மின்னுகின்றன

இதற்குக் காரணம் பெரும்பாலும் கேபிள்தான். ஐயத்தைத் தீர்க்க எளிய சோதனை உண்டு. அந்தத் திரையின் ரெசல்யூஷனை (படத்தின் புள்ளி எண்ணிக்கை) 1920×1080-இலிருந்து 1280×720-க்கு இறக்குங்கள். நொடிக்கு 60 படம் என்ற வேகத்தில் முன்னதற்கு 148.5 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு வேண்டும். பின்னதற்கு அதில் சரிபாதி, 74.25. ரெசல்யூஷனை இறக்கியதும் கறுப்பதும் மின்னுவதும் நின்றால், கேபிளால் அந்த வேகத்தைக் கொண்டுபோக முடியவில்லை என்று பொருள். இறக்கியும் நிற்காவிட்டால் பிளக் தளர்வு, மின்சாரம் ஆகியவற்றைப் பாருங்கள்.

சாதாரண எச்டிஎம்ஐ கேபிளை 1920×1080-க்கு ஐந்து மீட்டர் வரை கவலையில்லாமல் நம்பலாம். பத்து மீட்டருக்கு நல்ல தடிமனான கேபிள் வேண்டும். அதற்கு மேல் போனால் நான் சாதாரணக் கேபிளை வாங்கவே மாட்டேன். டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு நீளம் இன்னும் ஆகாது. இரண்டு மூன்று மீட்டருக்குள் முடித்துக்கொள்வது நல்லது. எங்கள் முன்கூடம் கணினியிலிருந்து 12 மீட்டர். அங்கே கேட்6 நெட்வொர்க் வயரில் எச்டிஎம்ஐயைக் கொண்டுபோகும் எக்ஸ்டெண்டர் பெட்டிகளை வைத்திருக்கிறோம், இரு முனையிலும் ஒன்று. ஒன்று சொல்ல வேண்டும்: அந்த வயர் முழுச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியத்தின்மேல் செம்புப் பூச்சு பூசிய வயர் விலை குறைவு என்று போட்டோம். மழைக்காலத்துக்குள் மறுபடி இழுக்க வேண்டியதாயிற்று.

நடுவில் இணைப்பான் வைத்து இரண்டு கேபிளை ஒட்டுப்போட்டிருந்தால் அதை முதலில் நீக்குங்கள். ஒவ்வொரு ஒட்டும் சமிக்ஞையை இன்னும் தேய்க்கிறது.

மின்விசிறி, டியூப் லைட் சுவிட்சைப் போடும் கணத்தில் மட்டும் திரை கறுக்கிறது என்றால் சுவிட்சின் தீப்பொறி எழுப்பும் மின்காந்த அலை கேபிளுக்குள் புகுகிறது. நல்ல கவசமுள்ள குட்டையான கேபிளும், மின் வயரிலிருந்து ஓர் அடி விலகலும் இதைத் தீர்க்கும். இன்னொன்றைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். சுழல் நாற்காலியிலிருந்து எழும்போது திரை கறுப்பதுண்டு. நாற்காலியின் வாயு உருளை எழுப்பும் நிலைமின் பொறியைக் கேபிள் வாங்கிக்கொள்கிறது. எங்கள் வடிவமைப்பாளர் வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்த பிறகுதான் நம்பினேன். கேபிளை மாற்றியதும் நின்றுவிட்டது.

படம் வருகிறது, ஆனால் 1024×768-க்கு மேல் போகவில்லை

ஒவ்வொரு மானிட்டரும் தன் பெயர், அளவு, தாங்கக்கூடிய ரெசல்யூஷன் எல்லாவற்றையும் 128 பைட்டுகளில் தொடங்கும் ஒரு சிறு குறிப்பாக வைத்திருக்கிறது. இதற்கு ஈடிஐடி என்று பெயர். கேபிளில் இதற்கென்றே கம்பிகள் உண்டு: விஜிஏவில் 12, 15-ஆம் ஊசிகள், எச்டிஎம்ஐயில் 15, 16-ஆம் ஊசிகள். அந்தக் கம்பி அறுந்தாலும், மலிவான நீள விஜிஏ கேபிளில் அது இல்லாமலே போனாலும், படக் கம்பிகள் நன்றாக இருக்கும், படமும் வரும். ஆனால் எதிரே எந்த மானிட்டர் இருக்கிறது என்று கணினிக்குத் தெரியாது. ஆபத்தில்லாத சிறிய அளவில் அனுப்பும். செட்டிங்ஸில் மானிட்டரின் மாதிரிப் பெயர் வராமல் ‘ஜெனரிக்’ என்று வந்தால் இதுதான் காரணம்.

குட்டைக் கேபிள் சோதனையில் பெயர் சரியாக வந்தால், சுவருக்குள் இருக்கும் கேபிளை மாற்றுங்கள். மாற்றவே முடியாதபடி பூசி மூடிவிட்டார்கள் என்றால் ஈடிஐடி எமுலேட்டர் என்ற கட்டைவிரல் அளவுப் பொருள் கிடைக்கிறது. அதைக் கணினியின் போர்ட்டில் செருகி, அதில் கேபிளைச் செருக வேண்டும். மானிட்டர் சொல்ல வேண்டியதை அது அருகிலிருந்து சொல்லிவிடும். லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் முனையத்தில் எக்ஸ்ரேண்டர் (xrandr) கட்டளையைக் கொடுத்தால் ஒவ்வொரு போர்ட்டும் எந்தெந்த ரெசல்யூஷனைப் பெற்றிருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க அதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

4கே டிவியைச் சுவரில் மாட்டியவர்களுக்கு: நான்காம் தலைமுறை இன்டெலின் எச்டிஎம்ஐ 3840×2160-ஐ நொடிக்கு 30 படமாகத்தான் கொடுக்கும். சுட்டி தயங்கித் தயங்கி நகர்வது அதனால்தான். 1920×1080-க்கு இறக்கி 60-இல் ஓட்டினால் வேலை செய்ய இதமாக இருக்கும்.

விஜிஏ திரையில் நிழல், அலையும் பட்டை. கணினிப் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்கிறது

எழுத்துக்கு வலப்பக்கம் மங்கலான நிழல் விழுந்தால் அது கேபிளின் தரம். மானிட்டரின் ‘ஆட்டோ’ பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். போகாவிட்டால் தடித்த, கவசமுள்ள கேபிள் வேண்டும்.

கிடைமட்டப் பட்டைகள் அலைந்தால், அல்லது தொடும்போது விறுவிறுப்புத் தெரிந்தால், மேற்கொண்டு எந்தக் கேபிளையும் தொடாதீர்கள். எர்த் சரியில்லை. இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. கணினியின் பவர் சப்ளையில், இரைச்சலை வடிகட்டுவதற்காக மின் கம்பிகளுக்கும் இரும்புப் பெட்டிக்கும் நடுவே சிறு மின்தேக்கிகள் இருக்கின்றன. எர்த் கம்பி இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி அந்தப் பெட்டியில் ஏறி நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறிது என்பதால் சுருக்கென்பதோடு போகிறது. ஆனால் அந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால், இரண்டு கருவிகளுக்கு இடையிலான வேறுபாடு முழுவதும் அந்த மெல்லிய ஊசிகள் வழியாகச் சமனாகும். எங்கள் முதல் முன்கூட மானிட்டரின் எச்டிஎம்ஐ போர்ட் அப்படித்தான் ஒரே கணத்தில் போயிற்று. மானிட்டருக்கு எர்த் இல்லாத இரண்டு ஊசி எக்ஸ்டென்ஷனிலிருந்து மின்சாரம் கொடுத்திருந்தோம்.

மின்பணியாளரை அழைத்து ஒவ்வொரு பிளக்கிலும் அளக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய 230 வோல்ட் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. முடிந்தால் கணினிக்கும் எல்லா மானிட்டர்களுக்கும் ஒரே சுற்றிலிருந்து, ஒரே யுபிஎஸ்ஸிலிருந்து மின்சாரம் கொடுங்கள், பட்டைகள் மறைந்துவிடும். மூன்று ஊசி பிளக்கின் பெரிய ஊசியை உடைத்துவிட்டு இரண்டு ஊசித் துளையில் செருகும் வழக்கம் பல கடைகளில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கேபிளைச் செருகும்போது இரு பக்கமும் சுவிட்சை அணைத்துவிட்டுச் செருகுங்கள்.

டிவியில் ஓரங்கள் வெட்டுப்படுகின்றன, எழுத்து மங்கல்

டிவியைத் திரையாக மாட்டியிருந்தால் அது படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை மறைக்கும். டிவியின் பட அளவு அமைப்பில் எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சங்கில் ‘ஸ்க்ரீன் ஃபிட்’ போன்ற பெயரில் இருப்பதைத் தேர்ந்தால் போதும். கணினிப் பக்கம் படத்தைச் சுருக்கிச் சமாளிக்காதீர்கள். எழுத்து இன்னும் கெடும்.

காலையில் திறந்தால் எல்லாச் சன்னல்களும் ஒரே திரையில் குவிந்துகிடக்கின்றன

இரவில் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறோம். டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டர் மின்சாரம் இழந்ததும், கேபிளையே உருவிவிட்டதாகக் கணினி எடுத்துக்கொண்டு, அதிலிருந்த சன்னல்களை வேறு திரைக்குத் தள்ளிவிடுகிறது. விஜிஏவிலும் எச்டிஎம்ஐயிலும் இது குறைவு. ஈடிஐடி சிப்பிற்குக் கணினியிலிருந்தே 5 வோல்ட் போவதால் மானிட்டர் அணைந்தாலும் அது விழித்திருக்கும்.

காலையில் மானிட்டர்களை முதலில் போட்டு, பத்து நொடி கழித்துக் கணினியைப் போடுங்கள். இரவு முழுவதும் கணினி ஓட வேண்டிய இடத்தில் முன்பு சொன்ன ஈடிஐடி எமுலேட்டரே இதற்கும் மருந்து. சுட்டி இடப்பக்கத் திரைக்குப் போக வலப்பக்கம் தள்ள வேண்டியிருந்தால், செட்டிங்ஸில் ‘ஐடென்டிஃபை’ அழுத்தி, கட்டங்களைச் சுவரில் உள்ள வரிசைப்படி இழுத்து வையுங்கள். மேல்கீழ் உயர வேறுபாட்டையும் அப்படியே காட்டலாம்.

கேபிளைச் செருகியபின் கணினி எழவே மாட்டேன் என்கிறது

டிஸ்ப்ளேபோர்ட்டின் 20-ஆம் ஊசி சிறு துணைக் கருவிகளுக்கு 3.3 வோல்ட் கொடுப்பதற்கானது. சாதாரணக் கேபிளில் இரு முனைகளின் 20-ஆம் ஊசிகளும் இணைக்கப்படக் கூடாது. தரமற்ற கேபிள்களில் இணைத்துவிடுகிறார்கள். மானிட்டரின் மின்சாரம் கணினிக்குள் பின்வழியாக நுழைந்து, அணைத்த கணினியை அரைத் தூக்கத்தில் வைத்துவிடும். கேபிளை உருவியதும் கணினி எழுந்தால் கேபிளைக் குப்பையில் போடுங்கள். அந்தக் கேபிளை வேறு கணினிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

யுஎஸ்பி அடாப்டரில் சேர்த்த திரை இழுத்து இழுத்து ஓடுகிறது

1920×1080 படத்தை நொடிக்கு 60 தடவை அப்படியே அனுப்ப ஏறக்குறைய 3 ஜிகாபிட் வேண்டும். யுஎஸ்பி 2.0-இன் எல்லை 480 மெகாபிட். எனவே செயலி படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. பழைய செயலிக்கு அது பாரம். வேலைப் பட்டியலுக்குப் போதும், வீடியோவுக்கு ஆகாது. யுஎஸ்பி 3.0 போர்ட்டில் மாற்றிச் செருகினால் ஓரளவு சீராகும்.

கீழிருந்து பார்த்தால் திரை இருண்டு, நிறம் தலைகீழாகத் தெரிகிறது

இதில் பழுது எதுவும் இல்லை. பழைய மானிட்டர்களில் பெரும்பாலானவை டிஎன் வகைத் திரைகள். கண் மட்டத்தில் வைத்துப் பார்க்கச் செய்தவை. தலைக்கு மேல் ஏற்றி அண்ணாந்து பார்த்தால் வெளிர் நிறம் கறுக்கும், மஞ்சள் பழுப்பாகும். தாங்கியை முன்பக்கம் சாய்த்தால் ஓரளவு தீரும். இன்னொரு வழி, மானிட்டரையே தலைகீழாக மாட்டி, செட்டிங்ஸில் படத்தை 180 பாகை திருப்புவது. இந்தத் திரைகள் மேலிருந்து பார்க்கையில் அவ்வளவாகக் கெடுவதில்லை. அந்தப் பக்கம் இப்போது கீழே வந்துவிடுகிறது. பின்புறத்தில் 75×75 அல்லது 100×100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு துளை உள்ள மானிட்டர் எதையும் இப்படித் திருப்பி மாட்டலாம்.

எங்கள் முன்கூடத்துக்கு அதுவும் போதவில்லை. திருமண அழைப்பிதழின் அரக்குச் சிவப்பைத் திரையில் பழுப்பாகப் பார்த்த ஒருவர் நிறத்தை மாற்றச் சொல்லிவிட்டார். அச்சானதும் அவருக்கு அதிர்ச்சி. அதன்பிறகு அங்கே, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐபிஎஸ் வகை மானிட்டரை மாட்டினோம். பழைய டிஎன் திரை இயந்திர அறைக்குப் போய்விட்டது. அங்கே வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துதான், நிறத்துக்கு வேலையில்லை.